எண்பதாவது கிலோமீற்றரில் ஈரம்

கிரான்பர்ன்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தான்,

நாங்கள் மூண்டு பேரும் சுகம். உங்கட சுகத்தை நீங்களாச் சொல்ல மாட்டியள், அதனாலை நானே கேக்கிறன்: சாப்பிடுறியளோ, இல்லை பாணையும் தேத்தண்ணியையும் வைச்சு நாளை ஓட்டுறியளோ?

தாளிலை எழுதிறாளெண்டு சிரிக்காதையுங்கோ. அங்கை அந்த வானொலித் தொலைநோக்கி டிஷ்ஷுக்குக் கிட்ட கைபேசி வைச்சிருக்கக் கூடாது, அதுக்கு எல்லாமே இரைச்சல் எண்டு சொன்னியள். சரி. ஈமெயில் போட்டால் "ஓகே, நோட்டட்" எண்டு வருது. உங்கட மகள் செரினுக்குக் காய்ச்சல் எண்டு போட்டதுக்கும் "ஓகே, நோட்டட்". கடிதத்துக்கு அப்பிடி ரெண்டு சொல்லு எழுத ஏலாது பாருங்கோ, முத்திரைக்கு நட்டம்.

அக்கா போன நவம்பர் செத்தவ. டிசம்பரிலை நீங்கள் மூண்டு வயதுப் பிள்ளையை எங்களிட்டை விட்டிட்டு நியூ சவுத் வேல்ஸ் காட்டுக்குப் போனனீங்கள். "ரெண்டு மாதம்தான், ஆளில்லை எண்டு கேக்கிறாங்கள்" எண்டியள். நான் குறை சொல்லேல்லை. பகலிலை அம்மா பாக்கிறா, ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நான் பாக்கிறன். கிரெச்சிலை ஒரு பெடியனைக் கடிச்சுப்போட்டாள். அதைவிட்டால் நல்ல பிள்ளை.

முந்தநாள் கேட்டாள், "அப்பா எங்கை?" எண்டு. "மேகத்துக்கும் மேலை இருக்கிற தண்ணியை அளக்கிறார்" எண்டன். "ஏன், அவற்றை வீட்டிலை பைப் இல்லையோ?" எண்டாள். அம்மா சிரிச்சா. அக்கா போனதுக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரிச்சது அதுதான்.

நீங்கள் எப்ப வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவியள்? எனக்கு ஒரு திகதி வேணும். ஏன் எண்டு அடுத்த கடிதத்திலை எழுதுறன்.

சாப்பாட்டைப் பாருங்கோ.

அன்புடன்,
பிறின்சி


தொலைநோக்கி நிலையம்
30 மார்ச் 2025

அன்புள்ள பிறின்சி,

நலம். சாப்பிடுகிறேன். மாமிக்கு முழங்கால் வலி எப்படி? செரினுக்கு என் அன்பைச் சொல்லும்.

பைப் கேள்விக்குப் பதில்: இருக்கிறது, ஆனால் எண்பது கிலோமீற்றர் உயரத்துக்கு எட்டாது. அங்கே காற்றின் பத்து லட்சம் மூலக்கூறில் ஐந்தாறுதான் தண்ணீர். எந்தப் பாலைவனமும் அவ்வளவு வறட்சி இல்லை. ஆனாலும் அந்த ஐந்தாறு மூலக்கூறும் மெல்லிய வானொலிக் கதிர் ஒன்றை விட்டுக்கொண்டே இருக்கும், இருபத்திரண்டு கிகாஹேர்ட்ஸில். எங்கள் பழைய டிஷ் அதைக் கேட்கிறது. கேட்க முயல்கிறது என்று சொல்வதுதான் சரி.

கரைச்சல் என்னவென்றால், கீழே இருக்கும் ஈரமும் அதே இடத்தில்தான் கத்தும், ஆயிரம் மடங்கு பலமாக. காற்றழுத்தம் கூடிய இடத்தில் அதன் கோடு அகன்று பாயைப் போல் விரிந்து கிடக்கும். மேலே உள்ளது ஊசி முனை போல. பாயில் கிடக்கும் ஊசியைத் தேட வேண்டும். நாட்கணக்காகக் கூட்டி எடுத்தால்தான் தலை காட்டும். இந்த மாதம் முழுக்க மழை. கூட்டி எடுத்ததெல்லாம் மழை.

டொங்காவில் கடலுக்கடியில் ஒரு எரிமலை வெடித்தது ஞாபகம் இருக்கிறதா, 2022 இல்? அது வீசிய தண்ணீர் மேலேயே நின்றுவிட்டது. மூன்று வருடமாகியும் முழுக்க இறங்கவில்லை. அது எவ்வளவு உயரம் போயிற்று என்று பார்க்கத்தான் இந்த வேலை. வறண்ட குளிர்காலம் வந்தால்தான் சரிவரும். ஆகையால் திகதி இப்போது சொல்ல முடியாது.

அன்புடன்,
றொமேஷ்


கிரான்பர்ன்
உயிர்ப்பு ஞாயிறு, 20 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தான்,

பாஸ்கு வாழ்த்து. இஞ்சை எல்லாரும் சுகம், அம்மாவின்ரை முழங்கால் அப்பிடியே இருக்கு. நீங்கள் கோயிலுக்குப் போயிருக்க மாட்டியள் எண்டு தெரியும்.

பாயும் ஊசியும் விளங்கினது. பகிடி என்னெண்டால், ரெண்டு பக்கம் தண்ணியைப் பற்றி எழுதியிருக்கிறியள், பிள்ளைக்கு ஒரு வரி. நான் கேட்டதுக்கு அரை வரி.

சரி, சுத்தி வளைக்காமல் எழுதுறன். அம்மா உங்களுக்கு என்னை முடிச்சு வைக்கப் பாக்கிறா. இதிலை புதினம் இல்லை, அக்கா செத்தால் தங்கச்சி எண்டு மன்னாரிலை எத்தினை வீட்டிலை நடந்தது. பிள்ளைக்குச் சிற்றன்னைக் கொடுமை வராது, மருமகன் வெளியிலை போகார், நானும் "கரை சேர்ந்திடுவன்". போன கிழமை ஞானேந்திரன் அங்கிள் கிளென் வேவர்லியிலை இருந்து வந்து என்னட்டை, "தங்கச்சி, உமக்கும் முப்பதாகுது, றொமேஷ் தங்கமான பெடியன்" எண்டார். நான் "ஓம் அங்கிள், தங்கம்தான், பெட்டிக்குள்ளை பூட்டிக் கிடக்கு" எண்டன். அம்மா முறைச்சா.

அத்தான், நீங்கள் தங்கமான ஆள்தான். நான் உங்களைக் கட்ட மாட்டன். சிட்னியிலை மிட்வைஃப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைச்சிருக்கு, வாற பெப்ரவரி தொடக்கம். அக்டோபர் முடியிறதுக்குள்ளை ஓம் எண்டு சொல்லோணும். ஒருத்தரும் இல்லை, காதல் இல்லை, ஒண்டும் இல்லை. அதைத்தான் இஞ்சை ஒருத்தரும் நம்பாயினம். நான் மாட்டன் எண்டால் "ஆரை வைச்சிருக்கிறாய்?" எண்டு கேள்வி வரும். பிறகு "தாயில்லாப் பிள்ளையை விட்டிட்டுப் போறியோ?" எண்டு வரும். நீங்கள் மாட்டன் எண்டால் ஒரு கேள்வியும் இல்லை. நான் சொன்னால் அடம், நீங்கள் சொன்னால் முடிவு. அதுதான் எங்கட சனம்.

ரெண்டே ரெண்டு வேலை செய்யுங்கோ, காணும். அம்மாவுக்கு மாட்டன் எண்டு எழுதுங்கோ. வந்து பிள்ளையை எடுங்கோ.

செரின் உங்களுக்கு ஒரு ஈஸ்டர் முட்டைப் படம் கீறியிருக்கிறாள். உள்ளுக்கு வைச்சிருக்கிறன்.

பிறின்சி


தொலைநோக்கி நிலையம்
2 ஜூன் 2025

அன்புள்ள பிறின்சி,

பதில் பிந்திவிட்டது. நலம். முட்டை கிடைத்தது, சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மே முழுவதும் குளிரூட்டி பழுது. டிஷ்ஷின் வாங்கி, அதாவது ரிசீவர், அதன் வெப்பநிலை ஆடினால் எல்லாம் ஆடும். சிட்னியிலிருந்து நாகராஜன் வந்திருக்கிறார், திட்டத்துக்குப் பொறுப்பு அவர்தான். தமிழ்நாட்டுக்காரர். திரவ நைட்ரஜன் வாளியைத் தூக்கிக்கொண்டு, "யோவ் ரொமேஷ், நீ பேசவே மாட்டியா? இந்த வாளிகூட உன்னைவிட சூடா இருக்குய்யா" என்கிறார். இந்த வருடத்தோடு டிஷ்ஷை மூடிவிடுவார்களாம். ஒரு சுத்தமான குளிர்காலத் தரவு இருந்தால் நிறுத்தாமல் வைக்கக் கேட்கலாம் என்கிறார். ஒரேயொரு குளிர்காலம்.

நீர் எழுதிய விசயம் விளங்கியது. எனக்கும் அப்படி ஒரு எண்ணம் கிடையாது. மாமியோடு கதைக்கிறேன். ஆகஸ்ட் முடியட்டும்.

வானம் நேற்றிலிருந்து நன்றாகக் காய்ந்திருக்கிறது.

அன்புடன்,
றொமேஷ்


கிரான்பர்ன்
22 ஜூன் 2025

மடு மாதா காவல்

அன்புள்ள மருமகன் தம்பிக்கு மாமி எழுதிக்கொள்வது,

இஞ்சை மாதாவின்ரை கிருபையாலை சுகம். அங்கை உங்கட சுகத்துக்கு நாளும் செபமாலை சொல்லுறன். குளிருக்கு நெஞ்சை மூடுங்கோ.

பார்சலிலை பனங்கட்டி, முறுக்கு, மீன் தூள் இருக்கு. மீன் தூளைக் கிழமைக்குள்ளை முடியுங்கோ. பெட்டிக்குள்ளை ஒரு மாதா இருக்கிறா, டண்டினோங் கடையிலை வாங்கினனான், வயரைச் செருகினால் கிரீடத்தைச் சுத்திப் பல்ப் ஓடும். அதை அறையிலை வைக்காதையுங்கோ, நீங்கள் வேலை செய்யிற மிசினுக்குப் பக்கத்திலை வையுங்கோ, வேலை சரிவரும். லைட்டை மட்டும் நிப்பாட்டிப்போடாதையுங்கோ தம்பி, அது நேர்த்தி.

பிள்ளை ஜெனோஜா எங்களை விட்டுப் போன ஆண்டுப் பூசைக்கு பாதரிட்டை நவம்பர் பதினஞ்சு கேட்டிருக்கிறன். பூசை முடிஞ்ச கையோடை மற்ற விசயத்தையும் அவரோடை கதைச்சு வைக்கட்டோ? பிறின்சியின்ரை விசயம்தான். செரினுக்கும் நல்லது. நீங்கள் வேண்டாமெண்டால் நான் வாய் திறக்கேல்லை. பூசைக்குப் பிறகு சாப்பாடு மண்டபத்திலையோ வீட்டிலையோ, ரோல்ஸுக்கு மேரி அன்ரியிட்டைச் சொல்லுறதோ, எல்லாத்துக்கும் ஒரு சொல்லு எழுதுங்கோ.

ஆண்டவர் துணை.

மாமி
மேரிறோஸ்


தொலைநோக்கி நிலையம்
6 ஜூலை 2025

அன்புள்ள மாமிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். பார்சல் கிடைத்தது. மிக்க நன்றி. மாதாவை வாங்கி மிசினுக்குப் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டுவிட்டேன். நிறுத்தவில்லை.

மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்யுங்கோ மாமி. எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை.

இங்கே வேலை கொஞ்சம் கடினமாக இருக்கிறது. முழங்காலைக் கவனியுங்கோ.

அன்புடன்,
றொமேஷ்


கிரான்பர்ன்
20 ஜூலை 2025

அத்தான்,

சுகம் விசாரிக்கிற நிலையிலை நான் இல்லை.

"எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை." இதை நீங்கள்தான் எழுதினனீங்களோ? கையெழுத்து உங்கட கையெழுத்துத்தான். அம்மா மூண்டு தரம் வாசிச்சுக் காட்டினவ. பூசையிலை இருந்து வரேக்கை பாதரிட்டைச் சொல்லியாச்சு. ஞானேந்திரன் அங்கிளுக்குச் சொல்லியாச்சு. மன்னாருக்குப் போன் போட்டாச்சு. வேலையிலை என்னோடை நிக்கிற பிள்ளை "கொங்க்ராட்ஸ்" எண்டுது. அம்மா அக்காவின்ரை கலியாணக் கூறையை அலுமாரியிலை இருந்து எடுத்து வெயிலிலை போட்டிருக்கிறா. அக்காவின்ரை கூறையை, அத்தான். எனக்கு.

"அவர் சும்மா எழுதியிருப்பார், வாசிச்சிருக்க மாட்டார்" எண்டன். அம்மா, "அவர் இஞ்சினியர், வாசிக்காமல் எழுதுவாரோ?" எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?

வாசிச்சனீங்களோ? வாசிச்சுத்தான் எழுதினனீங்கள் எண்டால் எனக்கு நேரை சொல்லுங்கோ. வாசிக்கேல்லை எண்டால் அது அதைவிடக் கேவலம். நாங்கள் இஞ்சை உயிரோடை இருக்கிறம். செரின் இப்ப உங்களைப் பற்றிக் கேக்கிறதில்லை, அதையும் தெரிஞ்சுகொள்ளுங்கோ.

அக்டோபர் முப்பத்தொண்டு.

பிறின்சி


தொலைநோக்கி நிலையம்
28 செப்டெம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் சுகத்துக்கு என் அன்பு. நான் நலம்.

ஜூனில் நீங்கள் கேட்டதை நான் சரியாக வாசிக்காமல் பதில் போட்டேன். இப்போது வாசித்தேன். மாமி, பிறின்சியைக் கலியாணம் செய்ய எனக்கு விருப்பம் இல்லை. நான் மாட்டேன். இது என் முடிவு. அவள் சொல்லி நான் எழுதவில்லை. பாதருக்கும் மற்றவர்களுக்கும் நான் மறுத்துவிட்டேன் என்றே சொல்லுங்கோ. ஞானேந்திரன் அங்கிளுக்கு நானே எழுதுகிறேன்.

பிறின்சி சிட்னிக்குப் படிக்கப் போக வேண்டும். அக்டோபர் நடுவில் நான் கிரான்பர்னுக்கே வந்துவிடுவேன். செரின் என்னோடு இருப்பாள்.

மாதாவின் விளக்கை நிறுத்திவிட்டேன். நேர்த்தியை முறித்ததற்கு மன்னியுங்கோ. காரணத்தை நேரில் சொல்கிறேன்.

றொமேஷ்


தொலைநோக்கி நிலையம்
28 செப்டெம்பர் 2025

அன்புள்ள பிறின்சி,

மாமிக்கு எழுதிய கடிதம் இதே தபாலில் வருகிறது. இரண்டு வேலையும் செய்கிறேன். இன்றே உம்முடைய சிட்னிக்காரருக்கு ஓம் என்று எழுதும்.

இவ்வளவு நாளும் ஏன் பேசாமல் இருந்தேன் என்று கேட்பீர். உம்முடைய ஜூலைக் கடிதம் வந்தபோது எனக்கு உம்மேல்தான் எரிச்சல் வந்தது. ஏனென்றால் அந்த மாதம்தான் எல்லாம் பிழையாகத் தொடங்கியிருந்தது. வருடத்திலேயே வறண்ட வானம், ஊசி தெரிய வேண்டிய இடத்தில் அலை அலையாக ஏதோ ஓடுகிறது. எதைக் கழித்தாலும் போகவில்லை. குளிரூட்டியை நிறுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியைப் பிடுங்கினேன், நாகராஜனின் தயிர் பழுதானது. பக்கத்துப் பண்ணைக்காரரின் மின்வேலிதான் என்று அவரோடு சண்டை பிடித்தேன். அந்த மனிதர் பாவம், இரண்டு நாள் வேலியை நிறுத்திவைத்தார். அவருடைய மாடுகள் தெருவுக்குப் போய்விட்டன. அலை அப்படியே நின்றது. இந்த எரிச்சலுக்குள் உம்முடைய கடிதத்தையும் மழை நாள் தரவைத் தள்ளிவைப்பது போலத் தள்ளிவைத்தேன்.

போன கிழமை நாகராஜன் கையில் பிடிக்கும் அன்ரெனா ஒன்று கொண்டுவந்தார். கொட்டிலைச் சுற்றி நடந்தார். வாங்கிக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார்.

"யோவ், இங்க வாய்யா. சத்தம் இங்கருந்துதான் வருது."

"அது மாதா."

"மாதாதான்யா ஒளிபரப்பு பண்றாங்க! மூணு மாசமா!"

பல்பை ஓடவைக்கும் சின்ன மின்சுற்றுத்தான். வானத்திலிருந்து வருவதைக் குறைந்த அலைவரிசைக்கு இறக்கித்தான் நாங்கள் பதிவோம், அந்த வயருக்குள் இது புகுந்துவிட்டது. முதல் நாளே சந்தேகிக்க வேண்டியதை, கைபேசியைக்கூட ஒரு கிலோமீற்றர் தள்ளி வைக்கிற நான், நானே கொண்டுபோய் செருகிவைத்தேன்.

"இத யாரு இங்க வெச்சது?" என்றார்.

"நான்தான். மாமி வைக்கச் சொன்னவ."

"மாமியார் சொன்னா ரிசீவர் பக்கத்துல சீரியல் லைட் போடுவியா? அவங்க வேற என்னல்லாம் சொன்னாங்க? அதையும் செஞ்சிட்டியா?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நான் அறைக்குப் போய் மாமியின் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். மீன் தூளும் பல்பும் மட்டும் ஞாபகம் இருந்தது. "நீங்கள் வேண்டாமெண்டால் நான் வாய் திறக்கேல்லை" என்று எழுதியிருக்கிறா. அந்த வரியை அன்றுதான் பார்த்தேன். பிறகு உம்முடையதை எல்லாம் வாசித்தேன். ஒன்பது மாதமாக என்னிடம் யார் என்ன சொன்னாலும் ஓம் என்று விட்டிருக்கிறேன். சொல்லுகிறவர் நிறுத்துவதற்காக.

ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் தரவு குப்பை. டிஷ்ஷை டிசம்பரில் மூடுகிறார்கள். நாகராஜன் ஒரு வசைச்சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மிச்ச வேலையை அவரிடமே விட்டு வாறன்.

செரினுக்கு நான் வாறன் எண்டு சொல்லும். வேண்டாம், நானே சொல்லுறன்.

றொமேஷ்


கிரான்பர்ன்
6 அக்டோபர் 2025

றொமேஷுக்கு,

கடிதம் கிடைத்தது. பாதரிட்டைச் சொல்லியாச்சு. சனத்துக்கும் சொல்லியாச்சு. சனம் என்ன சொன்னது எண்டு எழுதேல்லை.

பிறின்சி போகட்டும். நான் ஆர் மறிக்க.

செரின் முட்டை வெள்ளை தின்னமாட்டாள். கத்தரிக்காய் எண்டு சொல்லாமல் குடுத்தால் தின்னுவாள். கொத்தமல்லி அவிச்ச தண்ணி இருமலுக்கு. படுக்கேக்கை முதுகிலை கை வைக்கோணும், தட்டக் கூடாது. தட்டினால் எழும்பியிடுவாள், தாயும் அப்பிடித்தான்.

மாதாவைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. மிசினுக்கு ஆகாட்டில் எனக்கு ஆகும்.

மேரிறோஸ்


கிரான்பர்ன்
15 மார்ச் 2026

அன்புள்ள பிறின்சி,

சுகமா? அங்கே ஷிஃப்ட்டும் படிப்பும் ஒன்றாக இழுத்துப்பறிக்கும் என்று தெரியும். நீர் பார்த்த முதல் பிரசவத்தின் கதையைச் செரினுக்கு வாசித்தேன். "அந்த பேபி ஏன் அழுதது?" என்றாள். குளிர் என்றேன். "நோ, அதுக்கு ஆரையும் தெரியாது" என்றாள்.

நீர் கேட்டபடி உண்மையை எழுதுகிறேன். நாங்கள் நல்லாயில்லை. மெல்பேர்ன் அலுவலகத்தில் எனக்கு மற்றவர்களின் தரவைச் சுத்தம் செய்கிற வேலை. மூன்று மணிக்கு ஓடிவந்து இவளைக் கிண்டர் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் பிந்துகிறேன், ஒவ்வொரு நாளும் அந்த ரீச்சர் மணிக்கூட்டைப் பார்க்கிறா. சீப்பால் தலை இழுக்க விடுகிறாள் இல்லை. முதுகில் கை வைத்தால் "யூ ஆர் டூயிங் இட் றோங்" என்கிறாள். முதல் மாதம் என்னை "றொமேஷ்" என்றுதான் கூப்பிட்டாள், மற்ற ஆட்கள் கூப்பிடுகிறதைக் கேட்டு. இப்போது அப்பா என்கிறாள், கோபம் வந்தால் றொமேஷ். அநேகமாக றொமேஷ்தான்.

மாமி ஆண்டுப் பூசையிலும் என்னோடு பேசவில்லை, உமக்குத் தெரியும். அதற்குப் பிறகு கிழமையில் மூன்று நாள், பின்னேரம் கதவு மணி அடிக்கும். போய்த் திறந்தால் வாசலில் சட்டி மட்டும் இருக்கும். சொதி, அல்லது புட்டு. முழங்கால் வலியோடு அவ எப்படி அவ்வளவு கெதியாகப் படி இறங்கிக் காருக்குப் போகிறா என்று எனக்கு விளங்கவில்லை. கழுவின சட்டியை நான் வாசலில் வைப்பேன். அவ எடுப்பா. நாலு மாதம் இப்படியே போனது. நான் பேசாமல் விட்டால் அது தானாகச் சரிவரும் என்று, பார்த்தீரா, திரும்பவும் அதே வேலை.

நேற்று இவளுக்குத் தலையில் பேன். கிண்டரில் எல்லாப் பிள்ளைகளுக்குமாம். மருந்துத் தண்ணீரைக் கண்டதும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். உள்ளே இருந்து கத்துகிறாள், வெளியே இருந்து நான் கத்துகிறேன். "றொமேஷ், கோ எவே!" பக்கத்து வீட்டு ராகவேந்திரா வந்து, "எல்லாம் ஓகேவா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த நேரம் கீழே மாமியின் கார் நிற்பது தெரிந்தது. மணி அடிக்கும்வரை நிற்காமல் போய்க் கதவைத் திறந்தேன். அவ சட்டியைக் குனிந்து வைத்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து, "என்ன?" என்றா.

"மாமி, உள்ளுக்கு வாங்கோ. பூட்டிக்கொண்டு வெளியிலை வரமாட்டாளாம். எனக்கு ஏலாமல் கிடக்கு."

வைத்த சட்டியைத் திரும்ப எடுத்தா.

"உங்களுக்கு ஒண்டும் ஏலாது எண்டு எனக்கு எப்பவோ தெரியும்" என்றா. "சொல்ல இவ்வளவு நாளோ?"

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டியை என் கையில் தந்துவிட்டு, நேரே குளியலறைக் கதவுக்குப் போய்த் தட்டினா. "செரின், அம்மம்மா வந்திருக்கிறன். உன்ரை கொப்பரை விடு, அப்பாவுக்குப் பேன் பாக்கத் தெரியாது. திற." பூட்டு உடனே திறந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, அவ்வளவு சுலபமாக.

இன்றைக்கும் வந்திருக்கிறா. சீப்போடு இரண்டு பேரும் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கினம், ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு. நான் குசினியில் இருந்து எழுதுகிறேன். இடைக்கிடை என்னையும் ஏசுகினம், தேத்தண்ணி எங்கை எண்டு.

ஈஸ்டருக்கு லீவு எடுத்து வரப்போறன் எண்டு எழுதியிருந்தீர். எங்களுக்காக வர வேண்டாம். நீர் படியும்.

அன்புடன்,
அத்தான்